சுற்றுச்சூழல் கருத்துக் கேட்புக் கூட்டம்: அறிவிப்பு வந்தபின் கிடைக்கும் 30 நாளில் என்ன செய்ய வேண்டும்?

கடலூர் சிப்காட்டை ஒட்டிய காலனி, உப்பனாற்றங்கரையின் மீனவக் குப்பம், கிள்ளைப் பக்கத்து இருளர் குடியிருப்பு, புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் கிராமம் என்று எங்கே இருந்தாலும் சரி. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ரசாயன ஆலை, அனல் மின் நிலையம், துறைமுக விரிவாக்கம் போன்ற ஒன்று வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஊருக்காக ஓடியாடப் போகும் இளைஞர்கள், மகளிர் குழுப் பொறுப்பாளர்கள், பக்கத்து ஊரிலிருந்து உதவ வருகிறவர்கள் எல்லாரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறோம்.

இப்படிப்பட்ட திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் முன் ஊர் மக்களின் கருத்தைக் கேட்க நடத்துவதுதான் கருத்துக் கேட்புக் கூட்டம். அதைப் பற்றி ஒன்றை முதலிலேயே மனத்தில் பதிய வையுங்கள். அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று பரிசீலிக்கும் நிபுணர் குழு இந்தக் கூட்டத்துக்கு வராது. அந்தக் குழு டெல்லியிலோ சென்னையிலோ உட்கார்ந்திருக்கும். அவர்கள் மேசைக்குப் போவது நான்கு சங்கதிகள்: திட்டத்தின் பாதிப்புகளைச் சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, வீடியோ, நீங்கள் கொடுத்த மனுக்கள். கூட்டத்தில் ஆயிரம் பேர் கொந்தளித்துப் பேசினாலும், குறிப்பில் 'மக்கள் வேலைவாய்ப்பு கோரினர்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் குழுவுக்குத் தெரிவது அந்த வரி மட்டும்தான். அதனால் கீழே சொல்லும் எல்லா வேலையும் ஊர் சொல்வதைக் காகிதத்தில் ஏற்றுவதைப் பற்றியது.

1. கருத்துக் கேட்பு உண்டா என்று முதலில் பாருங்கள்

2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை திட்டங்களை ஏ, பி என்று பிரிக்கிறது. பி வகை மேலும் பி1, பி2 என்று பிரியும். பொதுவாக ஏ, பி1 வகைகளுக்குக் கருத்துக் கேட்பு உண்டு, பி2க்குக் கிடையாது. திட்டம் எந்த வகை, எந்தக் கட்டத்தில் இருக்கிறது, முடிவெடுப்பது மத்திய அமைச்சகமா மாநில ஆணையமா என்பதை மத்திய அமைச்சகத்தின் அனுமதி விண்ணப்பங்களுக்கான 'பரிவேஷ்' இணையதளத்தில் மாநிலம், மாவட்டம் கொடுத்துத் தேடினால் பார்க்கலாம்.

கடலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஓட்டை ஒன்று உண்டு. முறைப்படி ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் திட்டங்களுக்கு அறிவிக்கையிலேயே கருத்துக் கேட்பு விலக்கு இருக்கிறது. சிப்காட் வளாகத்துக்குள் வரும் ஆலை இந்த விலக்கைக் கேட்டால், 'இந்தத் தொழிற்பேட்டைக்கே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கப்பட்டதா, அதன் நகல் எங்கே, எந்த உத்தரவின் பேரில் விலக்கு?' என்று எழுத்தில் கேளுங்கள். ஆலையின் விண்ணப்பம் பரிவேஷில் ஏறிய உடனே இதைச் செய்ய வேண்டும். அனுமதி வந்தபிறகு கேட்டால் மேல்முறையீட்டில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

2. அறிவிப்பைத் தேடிப் பிடியுங்கள்

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். பத்திரிகை போய்ச் சேராத இடங்களில் தமுக்கு அடித்தோ வானொலி, தொலைக்காட்சி வழியாகவோ சொல்ல வேண்டும் என்றும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. நடைமுறையில் விளம்பரம் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும், குப்பத்தில் யார் கண்ணிலும் படாது. ஆகவே வாரம் ஒருமுறை தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பொறுப்பை ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். புதுச்சேரியில் இந்த வேலையைச் செய்வது புதுச்சேரி மாசு கட்டுப்பாட்டுக் குழுமம். அதன் அலுவலகம் அண்ணா நகரில் வீட்டுவசதி வாரியக் கட்டடத்தில் இருக்கிறது.

அறிவிப்பு கையில் கிடைத்ததும் மூன்றைச் சரிபாருங்கள். முதலாவது தேதி. விளம்பரம் வந்த நாளுக்கும் கூட்ட நாளுக்கும் இடையே 30 நாள் இருக்கிறதா? இரண்டாவது இடம். திட்டம் வரும் இடத்திலோ அதற்கு மிக அருகிலோதான் கூட்டம் நடக்க வேண்டும். பல கிலோமீட்டர் தள்ளி நகரத்துத் திருமண மண்டபத்தில் வைத்தால் உடனே ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் ஆட்சேபம் எழுதுங்கள். மூன்றாவது, திட்டத்தின் எல்லை இரண்டு மாவட்டத்திலோ, கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலுமாகவோ விழுகிறதா என்பது. விழுந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கூட்டம் நடத்த வேண்டும்.

விளம்பரம் வந்த பத்திரிகையின் முழுப் பக்கத்தையும் தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். விளம்பரத்தை மட்டும் கத்தரித்து வைத்தால் தேதி போய்விடும்.

3. அறிக்கையைக் கைக்குக் கொண்டுவாருங்கள்

வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், சம்பந்தப்பட்ட ஊராட்சி அல்லது மாநகராட்சி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஆகிய இடங்களில் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும்.

இங்கே எல்லாரும் விழும் குழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டால் பதில் தர அதிகாரிக்கு 30 நாள் அவகாசம் இருக்கிறது. பதில் வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு, 'வரைவு அறிக்கையைப் பார்வையிட அனுமதிக்கவும்' என்று ஒரு கடிதம் கொடுங்கள். எழுத்தில் கேட்பவருக்குக் கூட்ட நாள் வரை அலுவலக நேரத்தில் அறிக்கையைக் காட்டியாக வேண்டும். கடிதத்தின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். 'அறிக்கை இன்னும் வரவில்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டால், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த அலுவலகத்தில் அந்தப் பதில் கிடைத்தது என்று எழுதி, அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் ஆட்சியருக்கு அனுப்புங்கள். பின்னால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் கைகொடுக்கும் ஆவணம் அதுதான்.

தகவல் சட்ட மனுவை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விரிவாக்கத் திட்டமாக இருந்தால், ஏற்கெனவே ஓடும் ஆலைக்கு வாரியம் கொடுத்த இசைவாணை (ஆலையை இயக்க அனுமதிக்கும் உத்தரவு), விளக்கம் கேட்டு அனுப்பிய நோட்டீஸ்கள், ஆய்வு அறிக்கைகள் ஆகியவற்றைக் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை.

4. அறிக்கைக்குள் உங்கள் ஊரைத் தேடுங்கள்

ஆங்கிலத்தில் பல நூறு பக்கம் இருக்கும். மலைக்க வேண்டாம், அத்தியாய வரிசை எல்லா அறிக்கையிலும் ஒன்றுதான். 2ஆம் அத்தியாயம் திட்டத்தைச் சொல்லும். 3ஆவது இப்போதைய சுற்றுச்சூழல், 4ஆவது பாதிப்புகள், 7ஆவது விபத்து ஆபத்து போன்ற கூடுதல் ஆய்வுகள், 10ஆவது மேலாண்மைத் திட்டம். இந்த ஐந்தைப் படித்தால் போதும். கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர் ஆளுக்கு ஓர் அத்தியாயம் எடுத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முடிக்கலாம். படிக்கும்போதே பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு போக வேண்டும், பின்னால் தேடினால் கிடைக்காது.

பார்க்க வேண்டியவை:

அருகிலுள்ள குடியிருப்புகள் அட்டவணை. பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தின் பெயர் மட்டும் இருக்கும். அதே கிராமத்தின் காலனியோ இருளர் தெருவோ ஆலை மதிலுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும், ஆனால் பட்டியலில் இருக்காது. கைபேசி வரைபடத்தில் மதிலிலிருந்து கடைசி வீடு வரை தூரத்தை அளந்து, திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு செய்த மாதங்கள். வழக்கமாக ஒரு பருவம், அதாவது மூன்று மாதம், மழைக்காலம் தவிர்த்து எடுப்பார்கள். நம் மாவட்டத்துக்கு இது பெரிய குறை. இங்கே ஆபத்தெல்லாம் வடகிழக்குப் பருவமழையில்தான். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரையைக் கடந்தது. 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், அதை ஒட்டி சாத்தனூர் அணைத் தண்ணீரால் தென்பெண்ணையில் வந்த பெருக்கு எல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் முதல் மே வரை எடுத்த அளவை வைத்து, கழிவுநீர்க் குட்டை வெள்ளத்தில் உடையாது என்று எழுதியிருந்தால், கேள்வியை அங்கேயே வையுங்கள்: 2015இலும் 2024இலும் இந்தச் சர்வே எண்ணில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? குட்டையின் கரை உயரம் எவ்வளவு?

காற்று மாதிரி எடுத்த இடங்கள். எத்தனை இடம், எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று அட்டவணை இருக்கும். பக்கத்திலேயே 'விண்ட் ரோஸ்' என்று காற்றுத் திசைப் படம் இருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் மாதிரி எடுத்திருக்கிறார்களா? 24 மணி நேர அளவில் பி.எம். 10க்கு 100, பி.எம். 2.5க்கு 60 என்பது (ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம்) தேசிய வரம்பு. இவை தூசியைப் பற்றியவை மட்டும். ரசாயன ஆலை என்றால் எளிதில் ஆவியாகும் கரிமப் பொருட்களையும் அளந்தார்களா என்று கேளுங்கள்.

தண்ணீர். ஒரு நாளைக்கு எத்தனை கன மீட்டர், எங்கிருந்து, கழிவு எங்கே போகிறது. 'கழிவு வெளியேற்றமே இல்லை' என்று இருந்தால், மழை நாளில் வளாகத்துக்குள் விழும் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக உப்பனாற்றுக்கோ பரவனாற்றுக்கோ போகும் என்று கேளுங்கள்.

மீன்பிடி. கடலில் படகு ஓட்டுகிறவர்களைப் பற்றி இரண்டு பத்தி இருக்கும். ஆற்றில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற பெண்களைப் பற்றியும் இருளர்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். கடலோரத் திட்டமானால் 1:4000 அளவில் உயர் அலைக்கோடு (கடல் நீர் ஏறிவரும் உச்ச எல்லை) காட்டும் வரைபடம் இருக்க வேண்டும். படகு நிறுத்துமிடம், வலை பின்னுமிடம், கருவாடு காயப்போடும் இடம் அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

5. ஊரின் சொந்தக் கணக்கை எழுதுங்கள்

அறிக்கையில் இல்லாததை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இது 30 நாளில் இரண்டு வாரத்தை எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும். வேறெதையும்விட இந்த வேலைக்குப் பலன் அதிகம்.

நாற்றக் குறிப்பேடு. ஏற்கெனவே ஆலை இருக்கும் பகுதி என்றால் இதிலிருந்து தொடங்குங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று, தெருவுக்கு ஒருவர். கட்டங்கள் ஏழு: தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், இடம், நாற்றத்தின் வகை, காற்றின் திசை, உடம்பில் பட்டது. நாற்றத்தை 'கெட்ட வாடை' என்று எழுதினால் பயனில்லை. அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோஸ், நெயில் பாலீஷ், மருந்துக்கடை, சாணம், எரிந்த ரப்பர் என்று மூக்குக்குப் பட்டதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எந்த ரசாயனம் என்ற ஊகத்துக்கு அந்தச் சொல்தான் வழிகாட்டும். காற்றின் திசைக்கு மீனவர்களைவிட நல்ல ஆள் கிடையாது. கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று அவர்கள் சொல்வதையே எழுதி, பக்கத்தில் மேற்கு, வடக்கு, கிழக்கு, தெற்கு என்று குறியுங்கள். பகலில் கடல்காற்றும் இரவில் கரைக்காற்றும் மாறி மாறி வீசும் கரை இது. ஆலை ஒன்றுதான் என்றாலும், பகலில் நாறும் ஊர் வேறாகவும் இரவில் நாறும் ஊர் வேறாகவும் இருக்கலாம். நேரத்தை எழுதாத குறிப்பால் எதையும் நிறுவ முடியாது. சிப்காட் பகுதி ஊர் மக்கள் இந்த முறையில் கண்காணித்து, பக்கெட்டில் வைத்த பையில் காற்று மாதிரி பிடித்து ஆய்வுக்கு அனுப்பியதும் உண்டு.

நோட்டில் வெள்ளைப் பூசி அழிக்கக் கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது. தவறானால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். வாரக் கடைசியில் எழுதியவர் கையெழுத்தும் சாட்சிக் கையெழுத்தும் போட்டு, பக்கத்தைப் படமெடுங்கள்.

தண்ணீர்க் குறிப்பு. கைப்பம்பு, போர்வெல் எத்தனை, எத்தனை அடி ஆழம், எந்த வருடத்தில் கைவிடப்பட்டது என்று எழுதுங்கள். சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் அந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும். ரசாயனக் கரைப்பான் கலந்திருந்தாலும் எண் குறைவாகவே நிற்கலாம், 'மீட்டரில் நன்றாக இருக்கிறது' என்று யாரும் குடித்துவிடக் கூடாது. முறையான சோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் போங்கள். எடுக்கப்போகும் தண்ணீராலேயே கேனை மூன்று முறை கழுவி, வாய்வரை நிரப்பி மூடி, தேதியும் இடமும் எழுதி, அன்றே கொண்டுபோங்கள். நீங்களே எடுத்த மாதிரியை அதிகாரிகள் ஏற்க மறுப்பது வழக்கம். அதனால் முடிவை வைத்து, 'வாரியம் எங்கள் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும்' என்ற கோரிக்கையை எழுதுங்கள்.

பிழைப்பு வரைபடம். சார்ட் பேப்பரில் ஊரை வரைந்து, மாடு மேய்க்கும் இடம், விறகு பொறுக்கும் இடம், நண்டு பிடிக்கும் துறை, சுடுகாட்டு வழி எல்லாவற்றையும் போடுங்கள். ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று எனத் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. அதன்பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (கிராமத்தின் நிலப் பதிவேடு) புல வரைபடத்தையும் பார்த்து ஒவ்வோர் இடத்துக்கும் சர்வே எண் எழுதுங்கள். அறிக்கையில் 'தரிசு, புறம்போக்கு' என்று இருக்கும் நிலத்தில் எத்தனை குடும்பம் வாழ்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

நோய் பற்றி எழுதும்போது பெயர் போடாதீர்கள். 'இந்தத் தெருவில் இத்தனை வீட்டில் மூச்சிரைப்பு' என்றால் போதும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டுக்கு நம்மால் சங்கடம் வரக் கூடாது.

6. கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். 30 நாளுக்குள் இதில் ஒன்று வந்தால் விடாதீர்கள். வராவிட்டால் சிறப்புக் கிராம சபை கேட்டு மனுக் கொடுங்கள். மக்கள்தொகை 501 முதல் 3000 வரை என்றால் 100 பேர், 3001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது. தீர்மானம் எழுதி முடித்து வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பின்னால் எழுதுவது பல ஊரில் நடக்கிறது.

தீர்மானம் அனுமதியைத் தடுத்துவிடாது, ஆனாலும் கோப்பில் அதற்குக் கனம் உண்டு. கடலூர் மாநகராட்சிக்குள் இருக்கும் குப்பங்களுக்குக் கிராம சபை கிடையாது, வார்டு உறுப்பினர் வழியாகப் பகுதி சபையில் கேளுங்கள். புதுச்சேரியில் 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்காததால், அங்கே குடும்பவாரியாகக் கையெழுத்திட்ட மனுவைக் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்குக் கொடுத்து முத்திரை வாங்குவதே நடக்கிற காரியம்.

7. யாரால் வர முடியாது என்று கேளுங்கள்

கூட்டம் காலை 11 மணி என்பார்கள். மீன் விற்கும் பெண்கள் அப்போது மார்க்கெட்டில் இருப்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். ஆலையிலேயே ஒப்பந்த வேலை பார்க்கிறவர் வாய் திறந்தால் மறுநாள் வேலை இருக்காது. இவர்கள்தான் பாதிப்பு அதிகமாகப் படுகிறவர்கள், கூட்டத்தில் முகம் தெரியாதவர்களும் இவர்கள்தான்.

குப்பங்களில் ஊர் நாட்டார், பஞ்சாயத்தார் கடிதம் கொடுத்தால் ஊரே பேசிவிட்டதாகக் கணக்கு. அந்தக் கடிதம் வேண்டியதுதான். ஆனால் அந்தக் கூடத்தில் பெண்கள் உட்காருவதில்லை, படகு இல்லாதவர் பேச்சு எடுபடுவதில்லை, பக்கத்துக் காலனியும் இருளர் தெருவும் அதில் அடங்குவதே இல்லை. ஆகவே தெருவாரியாகத் தனி மனு வாங்குங்கள். காலனியில் கூட்டம் போட வேண்டுமானால் காலனியிலேயே போடுங்கள், ஊர்ப்பக்கம் கூப்பிடாதீர்கள். மாலை ஏழு மணிக்கு மேல் வைத்தால் பெண்கள் வருவார்கள்.

எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கி, 'எழுதியவர், படித்துக் காட்டியவர்' என்று உங்கள் பெயரையும் கையெழுத்தையும் போடுங்கள். பயப்படுகிறவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம், அவர் சொல்வதைத் தெரு மனுவில் பெயரில்லாமல் சேர்க்கலாம். வெளியூரில் இருப்பவர்களும் எழுத்து மூலம் கருத்து அனுப்ப வழி இருக்கிறது. சென்னையில் வேலை செய்யும் ஊர்ப் பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள்.

செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ், ஸ்பீடு போஸ்ட், கூட்டத்தன்று வண்டி வாடகை, இவ்வளவுதான். முழு அறிக்கையையும் நகலெடுக்காதீர்கள், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றாலே ஆயிரக்கணக்கில் போய்விடும். கைபேசியில் படமெடுத்து, தேவையான இருபது முப்பது பக்கத்தை மட்டும் அச்செடுங்கள். வண்டி வாடகையை ஊரே போட்டுக்கொள்வது நல்லது. அரசியல் கட்சியோ நிறுவனமோ அனுப்பும் வண்டியில் ஏறினால், 'கூட்டி வந்த கூட்டம்' என்ற பேச்சு வரும்.

8. மனுவை எழுதும் விதம்

'இந்த ஆலை வேண்டவே வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் அதற்குப் பதிலளிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் வராது. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று வரி இருக்கட்டும்: அறிக்கை என்ன சொல்கிறது, உண்மை என்ன, நாங்கள் என்ன கேட்கிறோம். ஒரு மாதிரி:

'அறிக்கையின் 3ஆம் அத்தியாயத்தில் (பக்க எண்) மிக அருகிலுள்ள குடியிருப்பு 1.2 கி.மீ. தூரத்தில் இருப்பதாக உள்ளது. எங்கள் தெருவின் கடைசி வீடு ஆலை எல்லையிலிருந்து 300 மீட்டரில் உள்ளது (வரைபடம் இணைப்பு 1). இத்தெருவில் காற்று, நிலத்தடி நீர் மாதிரிகள் எடுத்து, 4, 7ஆம் அத்தியாயங்களைத் திருத்தி எழுதிய பிறகே பரிசீலிக்க வேண்டும்.'

தூரத்தையும் எண்ணையும் உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். திட்டம் வேண்டாம் என்பதே ஊரின் முடிவு என்றால் அதைக் கடைசிப் பத்தியில் தெளிவாக எழுதுங்கள், காரணங்களுக்குப் பின்னால் வந்தால்தான் அதற்கு வலு. வேலைவாய்ப்புக் கோரிக்கையை இதே மனுவில் கலக்காதீர்கள். கலந்தால், குறிப்பு எழுதுபவர் அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்சேபத்தை விட்டுவிடுவார். தகவலை வேண்டுமென்றே மறைத்தாலோ பொய்யாகக் கொடுத்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்துசெய்யலாம் என்று 2006 அறிவிக்கையின் 8ஆம் பத்தி சொல்கிறது. விடுபட்ட குடியிருப்பைக் காட்டும் இடத்தில் அந்தப் பத்தியையும் குறிப்பிடுங்கள்.

மூன்று பிரதி எடுத்து ஆட்சியருக்கு ஒன்று, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒன்று, உங்களுக்கு முத்திரையோடு ஒன்று. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள், கூட்டத்திலும் இன்னொரு பிரதி கொடுங்கள்.

9. கூட்ட நாள்

ஆட்சியர் அல்லது அவர் சார்பில் மாவட்ட வருவாய் அலுவலர் நிலைக்குக் குறையாத ஒருவர் தலைமை தாங்குவார். அவர் அனுமதி கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அவரிடம் கெஞ்சுவதிலும் சண்டை போடுவதிலும் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் தலைப்பைப் படியுங்கள். 'திட்டத்தை வரவேற்று' என்ற மாதிரி எதுவும் இருந்தால் கையெழுத்து வேண்டாம், தலைப்பைப் படமெடுத்து மேடையில் சொல்லுங்கள். முதலில் நிறுவனம் விளக்கம் தரும். அதன்பிறகு வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்கவும் விளக்கம் பெறவும் உரிமை உண்டு. குறைந்தபட்ச எண்ணிக்கை என்று எதுவும் கிடையாது. ஆள் வரவில்லை என்றாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்காகும். அதனால் புறக்கணிப்பு, வெளிநடப்பு என்று முடிவெடுக்கும் ஊர் முதலில் மனுக்களைக் கொடுத்து முத்திரை வாங்கிவிட வேண்டும்.

ஆளுக்கு ஒரு விஷயம், மூன்று நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் சொன்னால் குறிப்பில் ஒரு வரிதான் வரும், பத்து விஷயத்தைப் பத்துப் பேர் சொன்னால் பத்து வரி. பேசும்போது பெயர், ஊர் சொல்லிவிட்டு, 'இதைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்' என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். பெண்களை முதல் அரை மணி நேரத்துக்குள் பேச வையுங்கள். நேரம் ஆக ஆகக் கூச்சல் ஏறும், பிறகு அவர்களுக்கு மைக் கிடைக்காது. வாரியம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், நீங்களும் தனியாக எடுங்கள். கைபேசி சார்ஜ், பவர் பேங்க் மறக்க வேண்டாம்.

பெரும்பாலான ஊர்கள் கோட்டைவிடும் இடம் கூட்டத்தின் கடைசி அரை மணி நேரம். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று எல்லாரும் எழுந்துவிடுவார்கள். நடவடிக்கைக் குறிப்பைக் கூட்ட முடிவில் தமிழில் வாசித்து விளக்க வேண்டும், அதே நாளில் தலைமை அதிகாரி கையெழுத்திட வேண்டும். வாசிக்காமல் கலைக்கப் பார்த்தால், வாசிக்கும்படி மைக்கில் கேளுங்கள். வாசிக்கும்போது உங்கள் பத்து விஷயப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். விடுபட்டதை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். பத்துப் பேராவது கடைசிவரை உட்கார வேண்டும், யார் அந்தப் பத்துப் பேர் என்று முதல் நாளே பேசி வையுங்கள்.

10. கூட்டம் முடிந்த பிறகு

நடவடிக்கைக் குறிப்பு ஊராட்சி அலுவலகம், ஆட்சியர் அலுவலகம், வாரியத்தின் இணையதளம் ஆகியவற்றில் வைக்கப்பட வேண்டும். உங்கள் வீடியோவோடு ஒப்பிட்டு, விடுபட்டது, திரிக்கப்பட்டது எது என்று பத்தி பத்தியாக எழுதுங்கள். ஏ வகை என்றால் மத்திய அமைச்சகத்தின் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவுக்கும், பி1 என்றால் சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் நேரடியாக அனுப்பலாம். புதுச்சேரித் திட்டம் என்றால் கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதைப் பரிவேஷில் பார்த்து அனுப்புங்கள். குழுவின் நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே இணையத்தில் வரும். அந்தத் தேதிக்கு முன்பாக மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் போய்ச் சேர வேண்டும்.

அனுமதி வந்துவிட்டால் அதன் நகல் ஊராட்சிக்கு வரும், 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நிபந்தனைகளைத் தமிழில் எழுதி ஊரில் ஒட்டுங்கள். நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், கேட்டு வாங்கலாம்.

அனுமதியை எதிர்க்க நினைத்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது, புதுச்சேரிக்கும் அதுதான். உத்தரவு தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். 90 நாளைத் தாண்டினால் தீர்ப்பாயமே நினைத்தாலும் எடுக்க முடியாது. 'எங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது' என்ற வாதத்தை நம்பி இருக்காதீர்கள், பரிவேஷில் உத்தரவு ஏறிய தேதியிலிருந்தே எண்ணுங்கள். இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1000 ரூபாய்.

வக்கீல் செலவுக்கு வழியில்லை என்று விட்டுவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு கேட்க மாட்டார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் மனுக் கொடுங்கள். இருளர் குடும்பங்கள் பலரிடம் சாதிச் சான்று இருக்காது. அது கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், ஊரில் ஒரு பெண்ணின் பெயரில் மனுப் போட்டுவிட்டு, சான்றுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: முத்திரை வாங்கிய மனு நகல்கள், பத்திரிகையின் முழுப் பக்கம், நாற்றக் குறிப்பேடு, நடவடிக்கைக் குறிப்பு, உங்கள் வீடியோ இருக்கும் பென் டிரைவ், அனுமதி உத்தரவு. அசல் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், வக்கீலுக்கும் நகல்தான்.